இம்யூன் ஜீன் டெஸ்ட் எடுத்தா மார்பக கேன்சர் வருமா வராதான்னு சொல்லிடுவாங்களாம், உண்மையா?

ஜெலுத்தோங்_கவி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு சத்தம் போடாம போற ஆளு நான், இன்னைக்குதான் முதல் கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க. எங்க அக்காவுக்கு 41 வயசு, மார்புல கட்டின்னு போய் பயோப்ஸி எடுத்து ட்ரிப்பிள் நெகட்டிவ்னு (ரெண்டு ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2 புரதமும் இல்லாத வகை) சொல்லிட்டாங்க, இப்ப கீமோ ஓடுது. அம்மாவுக்கும் 49ல வந்துச்சு, ஆபரேஷன் பண்ணி இப்ப நல்லாதான் இருக்காங்க, பசாருக்கு தனியா போறாங்க வர்றாங்க. இப்ப என் தங்கச்சி (34) பயந்து போயி கிடக்கா. போன வாரம் ஒரு மால்ல ஹெல்த் கண்காட்சின்னு போட்டிருந்தாங்க, அங்க ஒரு பூத்துல எச்சில் குடுத்தா போதும், நோய் எதிர்ப்பு ஜீன் எல்லாம் பாத்து "இம்யூன் ஸ்கோர்" ஒண்ணு தருவோம், அத வச்சு மார்பக கேன்சர் வருமா, வந்தா பரவுமான்னு சொல்லிடலாம்னு பேசிருக்காங்க. 1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இவ அங்கயே 300 வெள்ளி டெபாசிட் கட்டிட்டு வந்துட்டா.

நான் வேணாம்னு சொன்னா, அக்காவோட டாக்டரே இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல ஏவி விடுற சிகிச்சை) பத்தி பேசினாருல்ல, அப்ப இம்யூன் ஜீனும் முக்கியம்தானேன்னு என்கிட்டயே திருப்புறா. எனக்கு பதில் சொல்ல தெரியல. ரெண்டும் ஒண்ணா? யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

நாசிகண்டார்_பிரியன்:
1,800 வெள்ளிக்கு எச்சிலா? அலமாக். வாங்காதீங்க அவ்ளோதான்.

ரவாங்_ராஜா:
படிக்காம எல்லாத்தையும் ஏமாத்து வேலைன்னு சொல்றது நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம் லா. நெட்ல தேடி பாருங்க, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 10, சிடிஎல்ஏ4 இந்த நோய் எதிர்ப்பு ஜீன்ல எல்லாம் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறி இருந்தா மார்பக கேன்சர் ரிஸ்க் கூடுதுன்னு எத்தனை ஆய்வு கட்டுரை இருக்கு தெரியுமா, ஈரான், சீனா, இந்தியா எல்லா இடத்துலயும் பண்ணிருக்காங்க. உடம்புல தினமும் கெட்டுப்போற செல்ல தேடி கொல்றதே இம்யூன் சிஸ்டம்தான், அது வீக்கா பொறந்திருந்தா கேன்சர் வரும், இதுல என்ன சந்தேகம்? நான் பூத் ஆளு இல்ல, முன்கூட்டியே சொல்லிடுறேன்.

லேப்காரி_கேஎல்:
ராஜா சொன்ன கட்டுரைங்க நிஜமாவே இருக்கு, அதுல பொய் இல்ல. நான் கேஎல்ல மாலிக்யூலர் லேப்ல வேலை பாக்குறேன், இந்த ஜீன் பேர் எல்லாம் தினமும் காதுல விழுறதுதான். ஆனா அந்த கட்டுரைங்கள ஒண்ணொண்ணா எடுத்து பாத்தீங்கன்னா கதை வேற.

டிஎன்எஃப் ஜீனுக்கு முன்னாடி இருக்கிற பகுதியில மைனஸ் 308ன்னு ஒரு இடம், அங்க ஜி இருக்க வேண்டிய எடத்துல ஏ இருந்தா வீக்கத்துக்கான புரதம் கூடுதலா சுரக்கும்னு ஒரு கருத்து. இத வச்சு ஒரு ஊர்ல 200 நோயாளி, 200 ஆரோக்கியமானவங்கன்னு எடுத்து எண்ணி பாப்பாங்க. ஒரு ஊர்ல ரிஸ்க் கூடும்னு வரும், இன்னொரு ஊர்ல குறையும்னு வரும், மூணாவது ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு வரும், அந்த மூணாவது கட்டுரைய பாதி நேரம் யாரும் அச்சுக்கே அனுப்ப மாட்டாங்க. இன்டர்லூகின் 6, 10, சிடிஎல்ஏ4 எல்லாத்துக்கும் இதே பாட்டுதான். ஒரு ஜீன முன்னாடியே மனசுல வச்சுக்கிட்டு சின்ன கூட்டத்துல தேடுனா, தற்செயலா வந்ததும் கண்டுபிடிப்பு மாதிரிதான் தெரியும்.

2007ல தான் ஆட்டம் மாறுச்சு. டக்ளஸ் ஈஸ்டன் குழு கேம்பிரிட்ஜ்ல இருந்து பல நாட்டு ஆட்களோட சேர்ந்து, எந்த ஜீனையும் முன்கூட்டி நம்பாம மொத்த மரபணுத் தொகுதியையும் அலசுனாங்க. ஆயிரக்கணக்கான நோயாளிங்க. புதுசா அஞ்சு இடம் அழுத்தமா நின்னுச்சு, எஃப்ஜிஎஃப்ஆர்2 அதுல பெரிசு. வேடிக்கை என்னன்னா அதுல ஒண்ணு எல்எஸ்பி1ன்னு ஒரு ஜீனுக்கு பக்கத்துல, அது வெள்ளை அணுவுல வேலை செய்ற ஜீன். ஆனா அது குடுக்கிற ரிஸ்க் 1.1 மடங்கு கூட கிடையாது. அதுக்கப்புறம் வந்த பெரிய அலசல்ல இந்த மாதிரி 150க்கு மேல இடம் சேர்ந்துச்சு, கட்டுரைக்கு கட்டுரை பேர் போட்ட டிஎன்எஃப், இன்டர்லூகின் கூட்டம் அந்த லிஸ்ட்ல தலை காட்டல.

1.1 மடங்குன்னா என்னன்னு தங்கச்சிக்கு இப்படி சொல்லுங்க. 100 பேர்ல 4 பேருக்கு வாழ்நாள்ல வரும்னு வச்சுக்குங்க, 1.1 மடங்குன்னா அது 4.4. இப்ப பிஆர்சிஏ1ல (கெட்டுப்போன டிஎன்ஏவ சரி பண்ற ஜீன்) பிறவியிலேயே பழுது இருந்தா 80 வயசுக்குள்ள 100க்கு 72ன்னு 2017ல வந்த பெரிய குடும்ப ஆய்வு சொல்லுது, பிஆர்சிஏ2க்கு 69. ரெண்டும் "ஜீன்"தான், ஆனா 4.4ம் 72ம் ஒரே கடையில ஒரே விலைக்கு விக்கிற சாமான் இல்ல.

ரவாங்_ராஜா:
சரி, வீக்க ஜீன விடுங்க. அப்ப இம்யூன் சிஸ்டத்துக்கும் மார்பக கேன்சருக்கும் பிறவி தொடர்பே இல்லன்னு சொல்றீங்களா? அபோபெக்னு ஒண்ணு இருக்கே, அது நம்ம மலேசியாவுலயே பண்ண ஆய்வு. அத ஏன் சொல்லல?

லேப்காரி_கேஎல்:
சொல்ல வந்தேன், டீ குடிக்க போயிட்டேன் லா.

அபோபெக்3பி எனக்கு பிடிச்ச கதை, அதனால இது நீளமா போகும். வைரஸ் உள்ள வந்தா அதோட டிஎன்ஏவுல சி எழுத்த யூ எழுத்தா மாத்தி கெடுத்து விடுற என்ஸைம் குடும்பம் இது, பிறவி எதிர்ப்பு சக்தியோட ஒரு பகுதி. மூட்டைப்பூச்சிக்கு அடிச்ச மருந்து மெத்தையையும் சேர்த்து கெடுத்த மாதிரி, இது சில சமயம் நம்ம செல்லோட சொந்த டிஎன்ஏ மேலயும் பாய்ஞ்சிடும், மார்பக கட்டிங்கள்ல அந்த கெடுத்த தடம் நிறைய பாக்கலாம். இப்ப 22வது குரோமோசோம்ல இந்த 3பி ஜீன் மொத்தமா காணாம பொறக்கிறவங்க இருக்காங்க. சுமார் 29,500 எழுத்து அப்படியே போயிருக்கும். ஐரோப்பாவுல இந்த நீக்கம் 100க்கு 6 அளவுலதான், கிழக்காசியாவுல மூணுல ஒரு பங்குக்கு மேல, பசிபிக் தீவு பக்கம் போனா 90ஐ தாண்டிடும்.

2013ல ஷாங்காய் பெண்கள வச்சு பண்ணதுல, ஒரு காப்பி இல்லாதவங்களுக்கு ரிஸ்க் சுமார் 1.3 மடங்கு, ரெண்டு காப்பியும் இல்லாதவங்களுக்கு 1.7 தாண்டி வந்துச்சு. அப்புறம் 2016ல நம்ம சுபாங் ஜெயாவுல இருக்கிற கேன்சர் ரிசர்ச் மலேசியா ஆளுங்க, டியோ சூ ஹ்வாங் குழு, இங்கத்த மலாய், சீன, இந்தியப் பெண்கள்கிட்ட எடுத்த ரத்தத்துல பாத்தாங்க. இங்கயும் தொடர்பு இருந்துச்சு, அளவுதான் ஷாங்காய விட கம்மி. அதோட இன்னொண்ணு பாத்தாங்க, அதுதான் சுவாரஸ்யம்: இந்த நீக்கம் இருக்கிறவங்களோட கட்டிக்குள்ள நோய் எதிர்ப்பு செல்லுங்களோட நடமாட்டமும் வேற மாதிரி இருக்கு, கூடுதலா.

ஜீன் காணாம போனா கெடுக்கிற வேலை குறையணும்தானே, ஏன் ரிஸ்க் கூடுது? அங்கதான் முடிச்சு. நடுவுல வெட்டு விழுந்ததும் பக்கத்து ஜீன் 3ஏவோட வால் மாறி ஒட்டிக்குது, அதனால 3ஏ ஜீன் அனுப்புற ஆர்என்ஏ செய்தி செல்லுக்குள்ள கூடுதல் நேரம் நிக்குது, அது 3பிய விட மோசமா நம்ம டிஎன்ஏவ கெடுக்கும். 2014ல வந்த கணக்குப்படி இந்த நீக்கம் உள்ளவங்க கட்டியில அபோபெக் தடம் கூடுதல்.

இப்ப ராஜா, இத தங்கச்சிக்கு எப்படி பயன்படுத்துவீங்க? தென்னிந்தியாவுல பாத்த ஒரு ஆய்வுல மார்பக கேன்சரோட தொடர்பே தெரியல. ஸ்வீடன்லயும் தெரியல. நம்ம நாட்டு கிழக்காசியர்கள்ல அவ்ளோ பேருக்கு இருக்கிற ஒரு மாற்றம், 1.2, 1.3 மடங்கு, இத வச்சு ஒரு மனுஷிகிட்ட உனக்கு வரும் வராதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. மக்கள் கூட்டத்த புரிஞ்சிக்க நல்ல ஆராய்ச்சி. 1,800 வெள்ளி பில்லுக்கு இல்ல.

செந்தூல்_சிவா:
எச்எல்ஏ பத்தி யாரும் பேசலையே. எனக்கு வலிப்பு இருக்கு, கார்பமாசெபின் மாத்திரை குடுக்கிறதுக்கு முன்னாடி எச்எல்ஏ பி 15:02 டெஸ்ட் எடுத்தாங்க. அது பாசிட்டிவ்னா அந்த மாத்திரை தோல உரிச்சு ஆள படுக்க போட்டுடுமாம். அப்ப இம்யூன் ஜீன் டெஸ்ட் ஒரு மனுஷனுக்கு வேலை செய்யுதுதானே?

லேப்காரி_கேஎல்:
நல்ல உதாரணம் சிவா, நானே தேடிட்டு இருந்தேன். எச்எல்ஏ 6வது குரோமோசோம்ல இருக்கு, மனுஷ ஜீன்லயே ஆளுக்கு ஆள் இவ்ளோ மாறுற ஜீன் வேற இல்ல. செல்லுக்குள்ள இருக்கிற புரதத்த துண்டு போட்டு வெளிய பிடிச்சு காட்டுறது இதோட வேலை, டி செல்ங்கிற வெள்ளை அணு அத பாத்து நம்மாளா அந்நியமான்னு முடிவு பண்ணும். கார்பமாசெபினுக்கு அந்த ஒரே வகை நேரடியா தொடர்பு, அதனாலதான் மலேசியாவுல அந்த டெஸ்ட் பண்றோம். ஒரு மருந்து, ஒரு வகை, பாசிட்டிவ்னா மாத்திரைய மாத்து, முடிஞ்சது.

மார்பக கேன்சர்ல அப்படி ஒரு எச்எல்ஏ வகை யாருக்கும் சிக்கல. 2000ல அமெரிக்காவுல ஒரு சின்ன ஆய்வு டிஆர்பி1 11ங்கிற எச்எல்ஏ வகை இருக்கிறவங்களுக்கு இளம் வயசு கேன்சர் குறைவுன்னு சொன்னது, ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு வகைன்னு அப்புறம் லிஸ்ட் போட்டாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. ஆனா 2017ல ஒரு கோணம் வந்துச்சு, எனக்கு அது நியாயமா பட்டது. உங்க எச்எல்ஏ எந்த துண்ட பிடிச்சு காட்ட முடியாதோ, அந்த மாற்றம்தான் உங்க கட்டியில வளர வாய்ப்பு கூட. அதாவது எச்எல்ஏ, கேன்சர் வருமாங்கிறத விட, வந்தா அது எந்த ரூபத்துல ஒளியும்ங்கிறதுல கை வைக்குது.

கிளாங்_ஆன்ட்டி55:
கவி மா, அக்கா சீக்கிரம் தேறணும், நான் வேண்டிக்கிறேன். எனக்கு ஹெர்2 பாசிட்டிவ் (கட்டி மேல ஹெர்2ங்கிற புரதம் கூடுதலா இருக்கிற வகை), ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு அதுக்கான ஹெர்செப்டின் மருந்து ஏத்தும்போது பக்கத்து பெட்ல ஒரு சீன அம்மா, அவங்களுக்கு அதே மருந்து சரியா கேக்கல, எனக்கு கேட்டுச்சு. டாக்டர்கிட்ட ஏன்னு கேட்டேன், உடம்புக்கு உடம்பு மாறும்னு மட்டும் சொன்னாரு. அதுவும் இந்த இம்யூன் ஜீன்தானா தங்கச்சி?

(அப்புறம் துரியன் பெலாண்டா, அதான் முள்சீத்தா இலை வேக வச்சு குடிச்சா நல்லதுன்னு சொல்றாங்களே)

மிஸி_பட்டர்வொர்த்:
ஆன்ட்டி, துரியன் பெலாண்டா இலை கீமோ ஓடும்போது வேணவே வேணாம். வீட்டுல எது குடிச்சாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடிங்க. அவ்ளோதான் அந்த பேச்சு.

லேப்காரி_கேஎல்:
ஆன்ட்டி, அந்த சீன அம்மாவுக்கு ஏன் கேக்கலன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது, நூறு காரணம் இருக்கும். ஆனா நீங்க கேட்டது நிஜமாவே ஒரு இம்யூன் ஜீன் கேள்விதான். ஹெர்செப்டின் ஒரு ஆன்டிபாடி, அதாவது குறி வச்சு ஒட்டிக்கிற எதிர்ப்புப் புரதம். ஒரு பக்கம் கட்டி மேல இருக்கிற ஹெர்2வ பிடிக்கும், வால் பக்கத்த நம்ம என்கே செல்ங்கிற வெள்ளை அணு வந்து பிடிச்சு கட்டி செல்ல கொல்லும். என்கே செல்லோட அந்த பிடி எஃப்சிஜிஆர்3ஏ ஜீன்ல இருந்து வருது. அந்த புரதத்தோட 158வது எடத்துல வேலின்ங்கிற அமினோ அமிலம் இருந்தா பிடி இறுக்கம், ஃபினைல்அலனின் இருந்தா தளர்வு. 2008ல இத்தாலியில 54 நோயாளிங்கள வச்சு பாத்து, ரெண்டு காப்பியும் வேலினா இருந்தவங்களுக்கு மருந்து நல்லா கேட்டுச்சுன்னு எழுதுனாங்க. உலகமே துள்ளுச்சு. 2012ல ஆயிரத்துக்கு மேல நோயாளிங்கள்ல பாத்தா வித்தியாசம் இல்ல. அதுக்கப்புறம் இன்னொரு பெரிய ட்ரையல்ல மறுபடி கொஞ்சம் தெரிஞ்சது. இன்னைக்கும் ஹெர்செப்டின் குடுக்க முன்னாடி இந்த ஜீன யாரும் பாக்குறதில்ல, ஹெர்2 பாசிட்டிவ்னா எல்லாருக்கும் குடுக்கிறாங்க, அதுதான் சரி.

ஆனா இந்த அறிவு வீணா போகல. தளர்வான பிடி இருக்கிறவங்களுக்கும் நல்லா ஒட்டணும்னு வால் பகுதிய மட்டும் மாத்தி மார்ஜெடக்ஸிமாப்னு ஒரு மருந்து செஞ்சாங்க, அமெரிக்காவுல 2020 டிசம்பர்ல அனுமதி கிடைச்சது. ஜீன் மாற்றத்த ஜோசியத்துக்கு எடுக்காம மருந்து செய்ய எடுத்தாங்க பாருங்க, எனக்கு இந்த துறையில மரியாதை வர்ற இடம் அதுதான்.

ஜெலுத்தோங்_கவி:
சிஸ் ரொம்ப ரொம்ப நன்றி, பாதி புரியுது பாதி தங்கச்சிக்கு காட்டிட்டு இருக்கேன். அவ கேக்குறது, சரி வருமா வராதாங்கிறத விடு, வந்தா பரவுமா, கீமோ கேக்குமான்னாச்சும் தெரியுமான்னு. அக்காவுக்கு டாக்டர் சொன்ன இம்யூனோதெரபி அதுலதானே வருது?

லேப்காரி_கேஎல்:
இதுதான் பூத் ஆளுங்க நல்லா குழப்புற இடம். ரெண்டு வேற வேற ஜீன் இருக்கு. ஒண்ணு நீங்க பொறந்தப்பவே அப்பா அம்மாகிட்ட வாங்கினது, எச்சில்ல, ரத்தத்துல, உடம்பு பூரா ஒண்ணேதான். இன்னொண்ணு கட்டிக்குள்ள மட்டும் பிற்பாடு மாறினது, அதோட அந்த கட்டிக்குள்ள எவ்ளோ நோய் எதிர்ப்பு செல் புகுந்திருக்குங்கிறது. அக்கா டாக்டர் பேசுறது ரெண்டாவது. ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டியில வெள்ளை அணு நிறைய புகுந்திருந்தா பொதுவா போக்கு நல்லா இருக்கும், கீமோவும் நல்லா கேக்கும், இத நோய்க்கூறு டாக்டர் பயோப்ஸி ஸ்லைட மைக்ராஸ்கோப்ல பாத்தே சொல்வாரு. எச்சில்ல அது தெரியவே தெரியாது.

பெம்ப்ரோலிசுமாப் ஊசியும் அப்படித்தான். டி செல்லுக்கு கட்டி போடுற பிரேக்க எடுத்து விடுற மருந்து. ஆரம்ப கட்ட, ஆனா ரிஸ்க் கூடின ட்ரிப்பிள் நெகட்டிவுக்கு கீமோவோட சேர்த்து குடுக்க 2021ல அமெரிக்கா அனுமதிச்சது, 2024ல வந்த முடிவுல அஞ்சு வருஷத்துல உயிரோட இருந்தவங்க 86.6 பெர்சன்ட், கீமோ மட்டும் எடுத்தவங்க 81.7. இந்த ஆரம்ப கட்டத்துக்கு பிடிஎல்1 (கட்டி அந்த பிரேக்க போட பயன்படுத்துற புரதம்) டெஸ்ட் கூட கட்டாயம் இல்ல. பரவின நிலையில குடுக்கத்தான் பிடிஎல்1 பாப்பாங்க, அதுவும் கட்டியில.

பிறவி ஜீன் நோயோட போக்குல வேலை செய்யவே இல்லையான்னா, இருக்கு. 2007ல பிரெஞ்சுக்காரங்க ஒண்ணு காட்டுனாங்க: கீமோல சாகுற கட்டி செல் ஒரு அலாரம் புரதத்த வெளிய விடும், அத டிஎல்ஆர்4ங்கிற ஏற்பி பிடிச்சு இம்யூன் செல்லுக்கு சொல்லும். டிஎல்ஆர்4 பிறவியிலேயே மந்தமா இருந்த பெண்களுக்கு, ஆந்த்ராசைக்ளின்ங்கிற வகை கீமோக்கு அப்புறம் நோய் சீக்கிரம் திரும்பி வந்துச்சு. 2015ல எஃப்பிஆர்1ன்னு இன்னொரு ஜீன்லயும் அதே மாதிரி. எனக்கு இது ரொம்ப அழகான உயிரியல், கீமோ விஷமா மட்டும் வேலை செய்யல, நம்ம எதிர்ப்பு சக்திய எழுப்பியும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா தனி ஆளுக்கு இத வச்சு கீமோவ மாத்துற எந்த சிகிச்சை வழிகாட்டியும் இல்ல. தங்கச்சி அந்த ரிப்போர்ட்ட வாங்கி டாக்டர் மேசையில வச்சாலும் அவரு ஒண்ணும் செய்ய முடியாது.

ரவாங்_ராஜா:
இது வரைக்கும் ஒத்துக்கிறேன். ஆனா நம்ம இனத்துக்கு தனியா எதுவுமே இல்லையா? எல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, சீனன் கணக்கு. அதனாலதான் ஜனங்க பிரைவட் டெஸ்ட் பக்கம் போறாங்க.

லேப்காரி_கேஎல்:
அந்த கோபம் நியாயம். 2020ல மைபிஆர்சிஏங்கிற மலேசிய மார்பக கேன்சர் ஆய்வு ஆளுங்க இங்கத்த 560 கட்டிங்கள பிரிச்சு படிச்சாங்க, வெள்ளைக்காரங்க கட்டிய விட நம்ம ஊர் கட்டியில ஹெர்2 வகை கூடுதல், கட்டி வளராம தடுக்கிற டிபி53 ஜீன்ல பழுது கூடுதல், இம்யூன் நடமாட்டமும் கூடுதல்னு வந்துச்சு. பெரிய வேலை. ஆனா அதுல பெரும்பான்மை சீனப் பெண்கள், நம்மாளுங்க கொஞ்சம்தான். மலேசிய புற்றுநோய் பதிவேட்டுல 2012ல இருந்து 2016 வரைக்கும் பாத்தீங்கன்னா எல்லா இனமும் சேர்த்து வருஷத்துக்கு லட்சம் பெண்கள்ல 34.1 பேருக்கு மார்பக கேன்சர், இனவாரியா பாத்தா சீனர்களுக்கு அடுத்து இந்தியப் பெண்கள்தான், நாம ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல. ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டா பயப்படுறோம், மாமோகிராம் எடுக்க வந்த இடத்துல ஃபார்ம் நீட்டுனா கையெழுத்து போட யோசிக்கிறோம். பிரைவட் எச்சில் டெஸ்ட்ல இனக் கணக்கு எப்படி வரும் ராஜா, அவங்களும் இதே கட்டுரைங்கள்ல இருந்துதான் நம்பர் எடுக்கிறாங்க.

மிஸி_பட்டர்வொர்த்:
கவி, நான் வேலை விஷயம் பேசுறேன். 27 வருஷமா நர்ஸா வார்டுல நிக்கிறேன், இந்த பூத் ரிப்போர்ட்ட தூக்கிட்டு வர்றவங்கள பாத்துருக்கேன். ஸ்கோர் நல்லா வந்தவ மாமோகிராமுக்கு வரமாட்டா, ஸ்கோர் மோசமா வந்தவ தூங்க மாட்டா. நம்ம நாட்டுல கிட்டத்தட்ட பாதி பேரு மூணாவது நாலாவது ஸ்டேஜ்லதான் வந்து சேர்றாங்க, எனக்கு அந்த முதல் வகைதான் பயம்.

முதல்ல டெஸ்ட் எடுக்க வேண்டியது தங்கச்சி இல்ல, அக்கா. நோய் வந்த ஆள்கிட்டதான் தேடணும். 41 வயசு, ட்ரிப்பிள் நெகட்டிவ், அம்மாவுக்கும் இருக்கு, இந்த மூணும் சேர்ந்தா ஜெனடிக் கவுன்சிலிங்க்கு ரெஃபரல் கேட்க தயங்கவே வேணாம். பிஆர்சிஏ1 பழுது உள்ளவங்களுக்கு வர்ற கட்டி பெரும்பாலும் ட்ரிப்பிள் நெகட்டிவ்தான். பிஆர்சிஏ1, 2, பால்பி2, செக்2, ஏடிஎம், இதுங்கதான் பாக்க வேண்டிய ஜீனுங்க. அக்காவுக்கு பழுது கிடைச்சா, உங்களுக்கும் தங்கச்சிக்கும் அந்த ஒரு இடத்த மட்டும் பாத்தா போதும், ஆளுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு. இருந்தா எம்ஆர்ஐ, மாமோகிராம் எல்லாம் சீக்கிரமே ஆரம்பிப்பாங்க. அக்காவோட சிகிச்சைக்கே அது உதவும், பிஆர்சிஏ பழுது உள்ளவங்களுக்கு குடுக்கிற ஒலாபரிப் மாத்திரை பத்தி டாக்டர் யோசிப்பாரு.

அக்காவுக்கு ஒண்ணும் கிடைக்கலன்னாலும் நீங்க ரெண்டு பேரும் சாதாரண ரிஸ்க் கணக்குல வரமாட்டீங்க, அம்மாவும் அக்காவும் இருக்காங்க, அத டாக்டர்கிட்ட சொல்லி செக்கப் வச்சுக்கணும். சில சமயம் "அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம்"னு ரிப்போர்ட் வரும், ஆசியக்காரங்களுக்கு அது அதிகமாவே வரும், அத பாசிட்டிவ்னு நினைச்சு யாரும் அழுதுடாதீங்க.

நாசிகண்டார்_பிரியன்:
மிஸி அக்கா பேசுனா நேரா பேசுவாங்க. நான் சொன்னதும் இதேதான், கொஞ்சம் சுருக்கமா.

ஜெலுத்தோங்_கவி:
மிஸி அக்கா, அக்காகிட்ட இத சொன்னேன், அவ சரிங்கிறா. பெரிய மாமா மட்டும் வேணாங்கிறாரு. தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகல, ரிப்போர்ட்ல எழுதி வச்சா நாளைக்கு மாப்பிள வீட்டுல கேப்பாங்க, இன்சூரன்ஸ்காரன் கேப்பான், நம்ம குடும்பத்துல பொம்பளைங்களுக்கு வர்ற சாபம்னு பேர் ஆயிடும்னு. எங்க அப்பா வாயே தொறக்கல.

மிஸி_பட்டர்வொர்த்:
இன்சூரன்ஸ் பயம் பொய் இல்ல, ஃபார்ம்ல குடும்பத்துல யாருக்கு என்ன நோய்னு கேட்கத்தான் செய்றாங்க, அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்தத ஏற்கனவே எழுதித்தான் ஆகணும். தங்கச்சி பாலிசி எடுக்கிற எண்ணம் இருந்தா கவுன்சிலர்கிட்ட முதல் நாளே கேட்க சொல்லுங்க. மாப்பிள வீட்டுக்கு யாரும் ரிப்போர்ட் அனுப்பப் போறதில்ல. மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க, பொம்பளைங்க சாபம்னா அது அவருக்கும் அவரு பிள்ளைங்களுக்கும் கூட இருக்கலாம்னு அவருக்கு தெரியுமா? ஆம்பளைங்களும் இந்த ஜீன சுமப்பாங்க, பெத்த பிள்ளைக்கு குடுப்பாங்க.

அதோட, அப்பா பக்கத்துல யாருக்காச்சும் எதாவது? எல்லாரும் அம்மாவுக்கு வந்ததால அம்மா வழின்னே முடிவு பண்ணிடுறாங்க.

ஜெலுத்தோங்_கவி:
அப்பாவோட தங்கச்சி ஒருத்தங்க, நிபோங் திபால்ல தோட்டத்துல இருந்தாங்க, நான் சின்ன பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க. வயித்துல தண்ணி கட்டி பெருசாயிடுச்சு, கர்ப்பப்பை பக்கத்துல கட்டின்னு பேசிப்பாங்க. அது இதுல சேருமா?

லேப்காரி_கேஎல்:
சேரும் கவி. கருப்பை பக்கத்து கட்டி, வயித்துல நீர், சின்ன வயசு, சூலக கேன்சரா இருந்திருக்கலாம், அதே பிஆர்சிஏ அதையும் குடுக்கும். அம்மா 49ல, அக்கா 41ல, அத்தை அப்பா வழியில. எந்த பக்கத்துல இருந்து வருதுன்னு இப்ப யாருக்கும் தெரியாது, கவுன்சிலிங்ல ரெண்டு பக்கமும் வரையணும். பாருங்க, உங்க குடும்பத்துல முக்கியமான தகவல் ஒண்ணு அந்த எச்சில் கிட்டுக்குள்ள இல்ல, உங்க அப்பாகிட்ட இருந்திருக்கு.

கிளாங்_ஆன்ட்டி55:
அந்த 300 வெள்ளி என்ன ஆச்சு மா?

ஜெலுத்தோங்_கவி:
தரமாட்டாங்களாம் ஆன்ட்டி, ரசீதுல "டெபாசிட் திருப்பித் தரப்படாது"ன்னு சின்ன எழுத்துல இருக்காம். வேணும்னா வைட்டமின்ஸா மாத்திக்கலாமாம்.

நாசிகண்டார்_பிரியன்:
வைட்டமின்ஸாம்!! ரசீது இருக்குல்ல, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல, அதான் ட்ரிபியூனல் பெங்குனா, ஒரு புகார் போடுங்க. 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் எல்லாம் வேணாம். என் மச்சான் ஃபிரிட்ஜ் விஷயத்துல போட்டு காசு வாங்கினான். பூத்துல என்ன சொல்லி வித்தாங்கன்னு தங்கச்சிய இப்பவே எழுதி வைக்க சொல்லுங்க, மறந்துடும்.

ரவாங்_ராஜா:
"வருமா வராதான்னு சொல்லிடுவோம்"னு எழுத்துல குடுத்த பாம்ஃப்லெட் இருந்தா அதையும் வச்சுக்குங்க. நான் ஜீன் பக்கம்தான், ஆனா அந்த வாக்கியம் அறிவியல் இல்ல.

ஜெலுத்தோங்_கவி:
பாம்ஃப்லெட் இருக்கு. அக்காவுக்கு அடுத்த கீமோ அன்னைக்கே ரெஃபரல் லெட்டர் தர்றேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிஸி அக்கா, கவுன்சிலிங் போகும்போது என்ன எடுத்துட்டு போகணும்? அத்தையோட ரிப்போர்ட் எதுவும் இல்ல, அந்த தோட்டமே இப்ப வித்து வீடு கட்டிட்டாங்க.

மிஸி_பட்டர்வொர்த்:
ரிப்போர்ட் இல்லன்னா பரவாயில்ல. யாருக்கு, எந்த உறுப்புல, எந்த வயசுல, இத மூணு தலைமுறைக்கு ஒரு தாள்ல எழுதிக்குங்க, நல்லா இருக்கிறவங்களையும் வயசோட எழுதணும், ஆம்பளைங்களையும் விடக்கூடாது. அம்மாவோட பழைய ஆபரேஷன் ரிப்போர்ட், அக்காவோட பயோப்ஸி ரிப்போர்ட் காப்பி. அத்தை பிள்ளைங்க இருந்தா ஒரு போன் போட்டு மரணச் சான்றிதழ்ல காரணம் என்ன போட்டிருக்குன்னு பாக்க சொல்லுங்க. அப்பா வந்தா இன்னும் நல்லது.

ஜெலுத்தோங்_கவி:
அத்தை மக சுங்கை பாக்காப்ல இருக்காங்க, நம்பர் அப்பாகிட்டதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேக்குறேன்.